தாண்டிப்போன நாப்பத்தியோரு துண்டு

கோவமாப் பேசறேன்னு நெனைக்காதீங்க. கோவந்தான், ஆனா உங்க மேல இல்லீங்க, என்ற மேல. சித்தெ பொறுமையாக் கேளுங்க, மொதல்ல இருந்து சொல்றேன்.

என்ற பேரு கதிர்வேல். ராசிபுரத்துல சிசிடிவி கேமரா மாட்டிக் குடுக்கற கடை வெச்சிருக்கறேன். பெட்ரோல் பங்கு, மஞ்ச மண்டி, பேக்கரி, கல்யாண மண்டபம்னு இந்தப் பக்கம் தொங்கற கேமராவுல பாதி நான் மாட்டுனது. அர்த்தநாரி என்ற கூடப்பொறந்த அண்ணன். இருபது வருசமா போர் போடற ரிக்கு வண்டியில டிரில்லரா ஊரு ஊராப் போனவரு. மூணு வருசத்துக்கு முந்தி, வடக்க எங்கியோ ஒரு காட்டுல, ராடு நழுவித் தலையில அடிச்சுருச்சு. உசுரு தங்குச்சு. ஆனா அதுக்கப்பறம் எந்த ஊர்ல இருக்கறோம், என்ன கெழமைங்கறது அவருக்கு அப்பப்ப அத்துப்போயிரும். வலிப்பும் வர ஆரம்பிச்சுது. காலையில ஒரு மாத்தர, பொழுது சாய ஒரு மாத்தர. "ரெண்டு வேளை சேந்தாப்ல உட்டுப்போச்சுன்னா அப்பறம் எந்நேரமும் வலிப்பு வரும். பக்கத்துல ஆளு இல்லாதப்ப வந்துதுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு டாக்டரு பச்சையாவே சொல்லியிருந்தாரு.

ஞாயித்துக்கிழமை காலையில ஆறரைக்கு நங்கையா காப்பித் தண்ணி எடுத்துக்கிட்டுப் போயிப் பாத்தா கட்டிலு காலி. அண்ணன் சம்சாரம் கலைமணியத்தான் சொல்றேன், எங்க பக்கம் அண்ணிய நங்கையான்னுதான் கூப்புடுவோம். செருப்பு இல்ல, துண்டு இல்ல. போனு சார்ஜருல கெடக்குது. மாத்தர அட்டை அலமாரி மேல அப்படியே இருக்குது.

எங்க ஊடு ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவுல ரோட்டோரத் தோட்டம். கேட்டைத் தாண்டுனா கெழக்கயும் போலாம், மேக்கயும் போலாம். கெழக்க போனா நாமகிரிப்பேட்டை, முள்ளுக்குறிச்சி, தம்மம்பட்டி. மேக்க போனா ராசிபுரம், அப்பறம் சேலமோ நாமக்கல்லோ எங்க வேணா போயிரலாம். ஞாயித்துக்கிழமை முச்சூடும் தேடுனோம். போலீஸ்ல எழுதிக் குடுத்தோம். வாட்சப்புல போட்டோ போட்டோம். குச்சிக்கிழங்குக் காடு, கெணறு, பஸ் ஸ்டாண்டு, கோயிலுன்னு ஒரு எடம் பாக்கி இல்ல. ஆளக் காணோம்.

அப்பத்தான் நான் பெருமையாச் சொன்னேன், "நான் மாட்டுன கேமராவுல ஒண்ணுலயாவது அண்ணன் உழுந்திருப்பாரு. நான் கண்டுபுடிக்கறேன்"னு. இருபத்தியாறு கேமராவோட ரெக்கார்டிங்கை பென் டிரைவுல வாங்கிட்டு வந்தேன். ஒவ்வொண்ணும் பன்னண்டு மணி நேரம். மொத்தம் முந்நூறு மணி நேரத்துக்கு மேல வருது. என்ற கம்ப்யூட்டருல ஆளைத் தேடற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்குதுங்க. போட்டோவக் குடுத்துட்டா ரெக்கார்டிங்கைத் துண்டு துண்டா வெட்டி ஓட்டிப் பாத்து, இந்த நிமிசத்துல இந்தாளு போறாருன்னு எடுத்துக் குடுத்துரும். 

இப்ப அந்தக் கம்ப்யூட்டரப் பத்திச் சொல்லோணும். நம்மூர்ல லாரி வாங்குனா மொத வேலையா என்ன பண்ணுவாங்க? டீசல் பம்பு செட்டிங்கை ஏத்துவாங்க. கம்பெனிக்காரன் அடக்கி வெச்சிருக்கறான், நம்ம தெறந்து உட்டா இன்னும் இழுக்கும்பாங்க. நான் கம்ப்யூட்டருக்கும் அதையே பண்ணி வெச்சிருந்தேன். ஓவர்கிளாக்குன்னு பேரு. ப்ராசஸரயும் ரேமையும் கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல ஓட்டறது. ஒரு வருசமா மக்கர் பண்ணாம ஓடுச்சு. சனிக்கிழமை கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருந்தனா, கை சும்மா இருக்குமா? புதுசா ஒரு பயாஸ் அப்டேட் வந்திருக்குதுன்னு பாத்து ஏத்தித் தொலைச்சேன். பயாஸுங்கறது கம்ப்யூட்டரு கண்ணு முழிக்கறப்ப மொதல்ல ஓடற புரோகிராமு. அது மாறுனதும் நான் வெச்ச செட்டிங்கெல்லாம் அழிஞ்சு போச்சு. போனுல பழைய செட்டிங்கைப் போட்டோ எடுத்து வெச்சிருந்தேன். அதைப் பாத்து நம்பரு நம்பராத் திரும்பப் போட்டேன். ஓடுச்சு. சரி, வேலை முடிஞ்சுதுன்னு ஊட்டுக்குப் போயிட்டேன்.

திங்கக்கெழமை கோழி கூப்பட எந்திரிச்சு வந்து, அஞ்சரைக்கு முந்நூறு மணி நேரத்தையும் ஓட உட்டேன். கெழக்க இருக்கற எட்டு கேமராவ மொதல்ல வெச்சேன், மீதிய அப்பறம். என்ற வேகத்துல ஓடுனா எல்லாம் முடிய ஒம்போது மணி நேரம் ஆகும். கம்பெனி வேகத்துல ஓடுனா பதினாலு மணி நேரம். அண்ணன் அதுக்குள்ள ரெண்டு வேளை மாத்தரய உட்டாச்சு. இப்ப மூணாவது வேளை. அஞ்சு மணி நேரம்னா அது எனக்கு உசுருங்க.

நங்கையா கடைக்கு வந்து நின்னா. அழுது அழுது மூஞ்சி வீங்கிக் கெடக்குது. "கதிரு, எனக்கும் ஒரு பென் டிரைவு குடு. நான் ஊட்டு டீவியில போட்டுப் பாக்கறேன். அவரோட நடை எனக்குத் தெரியும்"னா.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "நங்கையா, முந்நூறு மணி நேரத்தைக் கண்ணுல பாத்து முடிக்கறதுக்கு உங்களுக்குப் பதனஞ்சு நாளாகும். மெஷின் பாத்துக்கும். நீங்க போயி ஒரு வாயி சாப்புடுங்க"ன்னேன். அக்கறையாச் சொன்ன மாதிரிதான் இருக்கும். அது அக்கறை இல்லீங்க, திமிரு.

இருபதாவது நிமிசத்துல திரை நீலமாச்சு. மெஷினு தானா அணைஞ்சு தானா எந்திரிச்சுது. அதுவரைக்கும் ஓடுனது அத்தனையும் போச்சு.

சரி, ஏதோ ஒருதடவைன்னு திரும்ப உட்டேன். பன்னண்டாவது நிமிசத்துல நீலம். அட கெரகமேன்னு ரேமைக் கழட்டி, ரப்பர் வெச்சுத் தேச்சு, திரும்ப அமுத்தி மாட்டுனேன். நீலம். ரெண்டு ரேமுல ஒண்ணை எடுத்துட்டு ஒண்ணுல ஓட்டுனேன். நீலம். சூடாயிருச்சோன்னு பக்கத்துத் தகரத்தைக் கழட்டிப் போட்டுட்டு டேபிள் ஃபேனை வெச்சேன். முப்பத்தஞ்சு நிமிசம் ஓடுச்சு. எனக்கு உசுரே வந்துருச்சு, டீ சொல்லலாம்னு எந்திரிக்கறேன், நீலம். கீபோர்டு மேல ஓங்கி ஒரு அடி அடிச்சேன். கை வீங்குனதுதான் மிச்சம்.

பழைய பயாஸையே திரும்ப ஏத்திரலாம்னு பாத்தேன். புதுசு ஏறுன பொறவு பழசுக்குப் போக உடாதாம். என்னைக் கேட்டுட்டா அடைச்சே கதவைன்னு திரையப் பாத்து வைஞ்சேன். அது பாட்டுக்கு நின்னுது.

ஏழு மணிக்கு ஜெபஸ்டினுக்குப் போனு போட்டேன். சேலத்துல கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கற பையன், முப்பது வயசு இருக்கும். இந்த மெஷினக் கட்டிக் குடுத்தவனே அவன்தான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மாதா கோயில்ல அண்ணன் போட்டோவ எல்லார்த்துகிட்டயும் காட்டி, சாமியார்கிட்டச் சொல்லி, ஜெபத்துலயும் வேண்டச் சொல்லியிருந்தான். அவ்வளவு நல்ல பையன்.

"அண்ணா, பழைய நம்பரைப் போட்டீங்களா?"ன்னான்.

"ஒரு புள்ளி பிசகாமப் போட்டிருக்கறேன்."

"அதாங்கண்ணா தப்பு. புது பயாஸ்ல வோல்டேஜ் குடுக்கற கணக்கையே மாத்திட்டாங்க. பழைய நம்பர் இதுல பழைய மாதிரி வேலை செய்யாது. எல்லாத்தையும் டீஃபால்ட்டுக்கு, கம்பெனி வெச்ச வேகத்துக்கே கொண்டு போயிருங்க. மெதுவா ஓடும், ஆனா சரியா ஓடும். இன்னைக்கு இதைச் சோதிச்சுப் பாக்கற நாள் இல்லண்ணா."

"பதினாலு மணி நேரம் ஆகும்டா! அண்ணன் அதுக்குள்ள எந்தப் பள்ளத்துல கெடப்பாரோ! மெதுவா ஓட்டுன்னு சொல்றதுக்கா உனக்குப் போன் போட்டேன்?"னு கத்திட்டு வெச்சுட்டேன். பாவம், அவன் என்ன பண்ணுவான்.

நான் பொறந்து வளந்தது ரிக்கு ஊடு. எண்ணூறு அடி போயும் தண்ணி வல்லைன்னா தோட்டத்துக்காரன் என்ன சொல்லுவான்? நிறுத்துன்னா சொல்லுவான்? இன்னும் ரெண்டு ராடு எறக்குங்கம்பான். அதுக்கும் வல்லைன்னா இன்னும் ரெண்டும்பான். அந்தப் புத்திதான் எனக்கும். நின்னு போற மெஷினுக்கு இன்னும் வோல்டேஜைக் குடுத்தா என்னன்னு ப்ராசஸருக்குக் கொஞ்சம் ஏத்துனேன். நாப்பது நிமிசம் ஓடி நின்னுது. ரேமுக்கும் ஏத்துனேன். இன்னும் கொஞ்சம். எட்டே முக்காலுக்கு ஓட உட்டேன்.

நிக்கலீங்க. அரை மணி ஆச்சு, ஒரு மணி ஆச்சு, ஒண்ணரை மணி ஆச்சு. ஃபேனு ஊளையிடுது, தகரம் கொதிக்குது, ஆனா நிக்கல. நான் மெஷினப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஜெயிச்சுட்டேன்னு நெனைச்சேன்.

அதே நேரம் எங்க கருப்பண்ண மச்சான் அஞ்சாறு பைக்கைக் கூட்டிக்கிட்டு கெழக்க போயிருந்தாப்ல. நங்கையாவோட சொந்த அண்ணன். ஞாயித்துக்கிழமையில இருந்து கண்ணை மூடல அந்த மனுசன். நாமகிரிப்பேட்டையத் தாண்டி ஒவ்வொரு கொட்டாயா, ஒவ்வொரு கெணறா எட்டிப் பாத்துக்கிட்டே முள்ளுக்குறிச்சி தாண்டிப் போயிக்கிட்டு இருந்தாங்க.

பதினொண்ணரை தாண்டி கெழக்க இருக்கற எட்டு கேமராவும் முடிஞ்சுது. திரையில பச்சை எழுத்துல பெருசா வந்துது. கிடைத்தது: பூச்சியம். எட்டுலயும் பூச்சியம். அப்பறம் மேக்க கேமராவுக்குப் போயிருச்சு மெஷினு.

பூச்சியத்தைப் பாத்ததும் எனக்கு அழுகையும் வந்துது, ஒரு தெளிவும் வந்துது. அண்ணன் கெழக்க போகல. மேக்கதான் போயிருக்கறாரு. நாலு மணி நேரமா அஞ்சாறு பைக்கும் தப்பான ரோட்டுல பெட்ரோலை எரிச்சுக்கிட்டுக் கெடக்குது. ஒடனே மச்சானக் கூப்புட்டேன்.

"மச்சான், கெழக்க இல்ல. மெஷினு முடிச்சுருச்சு. எட்டு கேமராவுலயும் இல்ல. திரும்புங்க, மேக்க ஆண்டகளூர் கேட்டுப் பக்கம் போங்க."

மச்சான் வண்டிய அணைச்சாப்ல. அப்பறம், "மாப்ள, இங்க ஒரு வளைவுல நிக்கறேன். உள்ள எங்கியோ ரிக்கு ஓடற சத்தம் கேக்குது. உங்கண்ணன் ரிக்கு சத்தம் கேட்டா போவாப்ல. ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வாரேன்"னாப்ல.

என்னைச் செருப்பால அடிங்க. நான் சொன்னேன், "மச்சான், நாமகிரிப்பேட்டையையே தாண்டாத ஆளு முள்ளுக்குறிச்சிக்கு அக்கட்ட எப்படி வருவாரு? ரோட்டுல அத்தனை கேமரா இருக்குது, ஒண்ணுலயும் இல்ல. நேரத்தைக் கெடுக்காதீங்க. ஒவ்வொரு நிமிசமும் அண்ணன் உசுரு. வெசையா வாங்க."

"சரி மாப்ள. நீ படிச்சவன், உனக்குத் தெரியும்"னு சொல்லிட்டு அவரு பைக்கத் திருப்பிட்டாப்ல.

நங்கையாவ ஊட்டுல போயி சாப்புடுங்கன்னு தாட்டி உட்டேன்னு சொன்னேன்ல? அவ சாப்புடவும் இல்ல, சும்மா உக்காரவும் இல்ல. நேரா நாமகிரிப்பேட்டை போயிருக்கறா. பெட்ரோல் பங்குல அழுது, அவிககிட்ட இருந்து ரெக்கார்டிங்கை வாங்கிட்டு வந்திருக்கறா. ஊட்டு டீவியில போட்டுட்டு ரிமோட்டக் கையில வெச்சுக்கிட்டு, அஞ்சு மணி நேரமா, பச்சைத் தண்ணி குடிக்காமப் பாத்திருக்கறா. சும்மா ஓட்டியும் பாக்கல, ஒரு ஆளு உட்டறக்கூடாதுன்னு நிறுத்தி நிறுத்திப் பாத்திருக்கறா.

ஒண்ணே காலுக்கு எனக்குப் போனு வந்துது. "கதிரு, உங்கண்ணன் போறாரு! நேத்துக் காலையில எட்டேகாலு மணி. பங்குக்கு முன்னால கெழக்க பாத்துப் போறாரு கதிரு!"

நான் அப்பவும் நம்பல பாருங்க. "அது வேற யாராச்சும் இருக்கும் நங்கையா. அந்தக் கேமராவ மெஷினு பாத்துருச்சு, பூச்சியம் வந்துது"ன்னேன்.

"யாருடா வேற? இருபது வருசம் குடும்பம் நடத்துன மனுசனை எனக்குத் தெரியாதா? எடக்கைய நெஞ்சுல மடக்கி வெச்சுக்கிட்டு நடக்கறாரு. உம்பட மெஷினை அடுப்புல போடு!"ன்னு கத்துனா. அவ என்னைய டா போட்டது அன்னைக்குத்தான் மொதத் தடவை.

அந்நேரம் பாத்து ஜெபஸ்டின் கடைக்குள்ள நொழையறான். நான் கத்துனதக்கூட மனசுல வெச்சுக்காம, கடையச் சாத்திட்டு பைக்குல வந்திருக்கறான். நான் அந்த பங்கு ரெக்கார்டிங்கைத் தெறந்து எட்டேகாலுக்குத் தள்ளுனேன். முதுகு காட்டி ஒரு ஆளு போறாரு. எடக்கை நெஞ்சுல மடங்கி இருக்குது. ஒரு நிமிசம் கழிச்சு ஒரு லாரி நிக்குது. அந்த ஆளு திரும்பி டிரைவர்கிட்டப் பேசறாரு. மூஞ்சி பளிச்சுனு தெரியுது. என்ற அண்ணன். லாரியில ஏறிப் போறாரு. லாரி மேல போர் ராடு அடுக்கி இருக்குது.

"ஜெபஸ்டின், இத்தனை தெளிவா மூஞ்சி இருக்குது. இது எப்படிடா பூச்சியம்னு சொல்லுச்சு?"ன்னேன்.

அவன் ரிப்போர்ட்டைக் கீழ தள்ளுனான். நான் பச்சை எழுத்தைப் பாத்ததோட நின்னுட்டேன், கீழ போகவே இல்ல. அடியில பொடி எழுத்துல ஒரு வரி. படிக்க முடியாமல் தாண்டிய துண்டுகள்: நாப்பத்தியொண்ணு.

"அண்ணா, மெஷின் நிக்கலைங்கறதுக்காக அது சரியா ஓடுதுன்னு அர்த்தம் இல்ல"ன்னான் அவன். மெதுவாத்தான் சொன்னான். "வோல்டேஜ் ஏத்துனதால அது சாகாம ஓடிருக்குது. ஆனா ரேம் உள்ளுக்குள்ள தப்புத் தப்பாப் படிச்சிருக்குது. எந்தத் துண்டு கெட்டுப் போச்சோ, அதை சாஃப்ட்வேர் பாக்காமலே தாண்டிப் போயிருச்சு. இந்த எட்டே காலு மணித் துண்டு அதுல ஒண்ணு. அண்ணன் இல்லைன்னு அது சொல்லல. நான் பாக்கலைன்னு சொல்லிருக்குது."

அப்ப மனசுல ஒரு கணக்கு ஓடுச்சுங்க, வேண்டாம் வேண்டாம்னாலும் ஓடுச்சு. அஞ்சரை மணிக்கே டீஃபால்ட்ல உட்டுட்டு எந்திரிச்சுப் போயிருந்தா கெழக்க இருக்கற எட்டு கேமராவும் பத்து மணிக்கு முந்தியே முடிஞ்சிருக்கும். அஞ்சு மணி நேரத்தை மிச்சம் புடிக்கறேன்னு நின்னவன் நானு.

மச்சானுக்குப் போனப் போட்டேன். ராடு ஏத்துன லாரின்னு சொன்ன ஒடனே மச்சான் குரலே மாறிப்போச்சு. "அந்த வளைவுதான் மாப்ள. அந்த ரிக்குதான்"னாப்ல. அவருக்குத் தெரிஞ்ச போர் ஏஜெண்ட்டு ஒருத்தரைக் கூப்புட்டு, அந்தாளு ரிக்குக்குப் போன் போட்டு, பத்தே நிமிசத்துல பதிலு வந்துருச்சு. ஆமாங்க, ஒருத்தரு நேத்துல இருந்து கூட இருந்தாரு. பன்னண்டரைக்கு வலிப்பு வந்து உழுந்துட்டாரு. தம்மம்பட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கறாங்க.

நானு, ஜெபஸ்டின், நங்கையா மூணு பேரும் கார்ல போனோம். நங்கையா வழி முச்சூடும் மாத்தர அட்டைய மடியில வெச்சுக்கிட்டு வந்தா. எங்களுக்கு முந்தி மச்சான் பைக்குல போயி நின்னுக்கிட்டு இருந்தாப்ல.

அண்ணனை ஒரு கட்டில்ல போட்டு ஊசி ஏத்திக்கிட்டு இருந்தாங்க. வாயி ஒரு பக்கம் கோணிக் கெடக்குது. நான் அண்ணா அண்ணான்னு கூப்புட்டுப் பாத்தேன், அசையல. வலிப்பு ஒண்ணு மாத்தி ஒண்ணு மூணு தடவை வந்துருச்சு, நடுவுல நெனவு திரும்பவே இல்ல, ஒடனே சேலம் கொண்டு போகணும்னாரு டாக்டரு. "கண்ணு முழிப்பாருங்களா?"ன்னு கேட்டேன். "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. ஆரம்பத்துலயே கூட்டியாந்து மாத்தர குடுத்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது"ன்னாரு.

ரிக்கு டிரில்லரு ஒருத்தரு சுவரோரமா நின்னுக்கிட்டு இருந்தாரு. பேரு மாதேஸ்வரன், திருச்செங்கோட்டுப் பக்கம். மேலெல்லாம் சேறு. நங்கையாவப் பாத்ததும் கையெடுத்துக் கும்புட்டாரு.

"தப்பா நெனைக்காதீங்க அக்கா. எங்க ராடு வண்டியில வந்து எறங்குனாரு. 'எத்தனை ராடு எறங்குச்சு'ன்னு கேட்டாரு. அப்படிக் கேக்கற ஆளு நம்மாளுதானுங்களே, சோறு போட்டோம், படுக்க எடம் குடுத்தோம். எங்களுக்கு வேலையே சொல்லிக் குடுத்தாரு. வாட்சப்புல போட்டோ வந்துதுங்க, ஆனா அதுல வெள்ள வேட்டி சட்டையில இருந்தாரு. இவரு சேறும் எண்ணையுமா இருந்தாரு, எனக்கு அடையாளம் தெரியல."

"எப்ப வரைக்கும் நல்லா இருந்தாரு?"ன்னா நங்கையா.

"பகலு வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்தாரு. பதினொண்ணே முக்காலு இருக்கும். ரோட்டு வளைவுல அஞ்சாறு பைக்கு வந்து நின்னுது. இவரு பாத்துட்டு ஒடனே எந்திரிச்சாரு. துண்டைக் கழட்டி ஆட்டிக் காட்டுனாரு. 'என்ற மச்சான் அது, என்னையத் தேடி வந்திருக்கறாரு, எந்தம்பிதான் தாட்டி உட்டிருப்பான்'னாரு. நான் மிசினை நிறுத்திட்டுக் கூப்புடலாம்னு ஓடறதுக்குள்ள பைக்கெல்லாம் திரும்பிப் போயிருச்சுங்க. அதுக்கப்பறம் சோறு வெச்சோம், தொடல. அந்த வளைவையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. முக்கா மணி நேரத்துல உழுந்துட்டாரு."

நங்கையா மச்சான் பக்கம் திரும்புனா. "அண்ணா, வளைவு வரைக்கும் வந்துட்டு ஏன் திரும்புனீங்க?"

மச்சான் தலையக் குனிஞ்சுக்கிட்டாப்ல. "பெட்ரோலு தீந்து போச்சு அம்முணி"ன்னாப்ல. கூடப்பொறந்தவகிட்ட, எனக்காக, கூசாமப் பொய் சொல்றாப்ல அந்த மனுசன்.

என்னால நிக்க முடியல. "பொய்யுங்க நங்கையா. நாந்தான் திரும்பச் சொன்னேன். ரிக்கு சத்தம் கேக்குது, போயிப் பாத்துட்டு வாரேன்னு மச்சான் சொன்னாரு. நாந்தான் வேண்டாம்னேன். மெஷினு இல்லைன்னு சொல்லுது, வாங்கன்னு நாந்தான் சொன்னேன்."

என்னைய அடிப்பா, மண்ண வாரித் தூத்துவான்னு நின்னேன். அவ ஒண்ணும் பண்ணல. என்ற மூஞ்சியப் பாத்தா. அப்பறம், "விடியால அஞ்சரைக்குக் கேட்டேனே கதிரு. எனக்கும் ஒண்ணு குடு, நானும் பாக்கறேன்னு கேட்டேனே"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

ஆம்புலன்ஸ் வந்து நின்னுது. அண்ணனை ஏத்துனாங்க. காலு ரெண்டுலயும் ரிக்கு சேறு காஞ்சு ஒட்டியிருந்துச்சு. நான் அது பொறவாலயே ஏறப் படியில காலை வெச்சேன். நங்கையா உள்ள இருந்து கைய நீட்டி என்ற நெஞ்சுல வெச்சா.

"நீ வேண்டாம். எறங்கு"ன்னா. அப்பறம் ஜெபஸ்டினப் பாத்து, "தம்பி, நீங்க வாங்க"ன்னா. அவன் என்னையும் பாத்தான், அவளையும் பாத்தான், ஏறிட்டான். கதவைச் சாத்திட்டாங்க.

இப்ப அண்ணன் சேலத்துல இருக்கறாரு. இன்னும் கண்ணு முழிக்கல. நான் ஆஸ்பத்திரி வாசல்லயே கெடக்கறேன், மாடிக்குப் போகறதில்ல. அண்ணன் பொழைக்கோணும் சாமி, நங்கையா என்ற மூஞ்சியிலயே முழிக்காட்டியும் பரவால்ல, அவரு பொழைக்கோணும். ஆனா கண்ணு முழிச்சாருன்னா மொதல்ல என்னையத்தான் கூப்புடுவாரு. மச்சான் ஏன்டா திரும்பிப் போனாருன்னு கேப்பாரு. அவருகிட்ட நான் என்னத்தைச் சொல்லட்டுங்க?